தட்டில் போட்ட சர்க்கரை

செல்லம்மா வாசலில் நின்று கூப்பிட்டபோது குமுதவல்லி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் நடத்தும் தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் நாசி லெமாக் சோறு. நெத்திலியை இன்றே சுத்தம் செய்து வைத்தால்தான் காலையில் சம்பலுக்கு ஆகும்.

"குமுதா! இருக்கியா?"

எட்டிப் பார்த்தாள். செல்லம்மா நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் எவர்சில்வர் தட்டு. அதில் ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, மேலே கொஞ்சம் மல்லிகை. பின்னால் காரில் சாய்ந்து நின்ற அவள் கணவர் ராமகிருஷ்ணன் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் தலைவர்.

"வர்றேங்கக்கா. கையெல்லாம் கவுச்சி."

சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டு வந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். ஆடிச் செவ்வாய். ஆடி முழுக்க எஸ்டேட்டில் வீட்டுக்கு வீடு தட்டு நடமாடும். எதற்கு என்று கேட்டு வாங்குகிற வழக்கமில்லை. முதலில் வாங்குவது, சாமி படத்துக்கு முன்னால் வைப்பது, அப்புறம்தான் பேச்சு. அப்படியே செய்தாள். விளக்கின் முன் தட்டை வைத்துத் திருநீறு பூசிக்கொண்டு திரும்பி, "என்னக்கா விசேஷம்?" என்றாள்.

செல்லம்மா நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ரோகினி ஒங்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"என்ன சொல்லல?"

"ஹேமன் தப்புப் பண்ணிட்டான் குமுதா. காலேஜ்ல ரோகினி மேல கை வச்சிட்டான். அவ அங்க ரிப்போர்ட் குடுத்துட்டா. புத்தி கெட்ட பய. பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடு."

குமுதவல்லி தட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மகள் ரோகினி இரண்டாம் ஆண்டு மாணவி. சிரம்பானுக்கு வெளியே உள்ள ஒரு தனியார் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். செல்லம்மாவின் மகன் ஹேமநாதன் அதே கல்லூரியில் கடைசி ஆண்டு. 'நம்ம எஸ்டேட்டுப் பையன் ஒருத்தன் அங்க இருக்கான்' என்று குமுதவல்லியே பல பேரிடம் நிம்மதியாகச் சொல்லியிருக்கிறாள்.

ராமகிருஷ்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ரெண்டும் நம்ம புள்ளைங்க தங்கச்சி. படிப்பு முடியட்டும், ரோகினிய நம்ம வீட்டுக்கே எடுத்துக்குறோம். காலேஜு, கமிட்டின்னு போயி எதுக்கு ரெண்டு குடும்பமும் நாறணும்? ஒரு வார்த்த அவகிட்ட சொல்லு. வாபஸ் வாங்கிக்கட்டும்."

குமுதவல்லி ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் கிளம்பினார்கள். அவள் தட்டை எடுத்து வந்தாள். பழத்தை ஒரு பேசினில் எடுத்து வைத்தாள். கையில் வெறும் தட்டு. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுத்து அவளுக்குப் பழக்கமே இல்லை. கை தானாகச் சர்க்கரை டின்னுக்குப் போனது. ஒரு பிடி சர்க்கரை, இரண்டு வாழைப்பழம். செல்லம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அப்புடியே இருங்க" என்று ராமகிருஷ்ணன் ஒரு படம் எடுத்தார். அவர் எதைத்தான் எடுக்காமல் விட்டார்? கூழ் ஊற்றினால் படம், கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தால் படம், எல்லாம் கோயில் வாட்ஸப் குழுவுக்குப் போகும். குமுதவல்லி அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

கார் போன பிறகு மறுபடி நெத்திலி முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தாள், தலைகளைக் கிண்ணத்தில் சேர்த்து மீனைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் தங்கராஜு எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். வந்ததும் விஷயத்தைக் கேட்டான். மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். கடைசியில், "மொதல்ல புள்ளகிட்ட கேளு" என்றான்.

ரோகினி உடனே கைப்பேசியை எடுத்தாள். குமுதவல்லி நடந்ததா என்று கேட்டாள்.

"யாரும்மா சொன்னா?"

"செல்லம்மாக்கா."

 ரோகினி எல்லாவற்றையும் சொன்னாள். கலை இரவுக்கு ஒத்திகை. மற்றவர்கள் சாப்பாடு வாங்கப் போயிருந்தார்கள். ஹேமநாதன் கதவைச் சாத்தினான். விடு என்று அவள் சொன்னாள். சுவரோடு தள்ளி, வாயைப் பொத்தி, சட்டைக்குள் கை விட்டான். பொத்திய கையைக் கடித்துவிட்டு ஓடி வந்தாள். மறுநாள் காலையில் மாணவர் நல அதிகாரி ஷெரிலிடம் போய்ச் சொன்னாள்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"அப்பா பாராங் கத்திய எடுத்துக்கிட்டுப் போயிருவாருன்னுதான்."

தங்கராஜு எதிரே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். இல்லை என்று சொல்லவில்லை.

தட்டு வந்ததைக் குமுதவல்லி சொன்னாள், மன்னிப்புக் கேட்டதையும் சொன்னாள். கல்யாணப் பேச்சைச் சொல்லவில்லை. அதைக் கேட்டுத் தான் வாய் திறக்காமல் நின்றதையும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஷெரில் கூப்பிட்டாள். இளவயதுப் பெண், சிரம்பான் தெமியாங்கில் வளர்ந்தவள், பேச்சில் பதற்றம் கிடையாது.

"ஆன்டி, ஹேமநாதன் தரப்புல ஒரு ஃபோட்டோ குடுத்திருக்காங்க. நீங்க அவங்கம்மாவுக்குத் தட்டு குடுக்குற மாதிரி இருக்கு. ரெண்டு குடும்பமும் தட்டு மாத்தியாச்சி, நிச்சயம் முடிஞ்சிருச்சி, இது லவ்வர்ஸ் சண்டைன்னு எழுதியிருக்காங்க. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, எங்க வீட்ல வேற மாதிரி. தட்டு மாத்துறதுன்னா நிச்சயந்தானா?"

"தட்டு மாத்துறதுன்னா நிச்சயந்தான்மா. ஆனா நான் மாத்தல. வெறுந்தட்டுல சர்க்கர போட்டுக் குடுத்தேன்."

"அத அங்க வந்து சொல்லணும் ஆன்டி. ஹியரிங்குக்கு ஒங்களையும் கூப்பிடுறாங்க."

"நான் சொன்னா நம்புவாங்களா? அங்க பாத்தவங்க யாருமில்லியே."

"கோர்ட்டுல கிரிமினல் கேஸ் மாதிரி துளி சந்தேகமில்லாம நிரூபிக்கணும்னு இங்க இல்ல. ரெண்டு பக்கமும் கேட்டுட்டு, எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்புன்னு பாப்பாங்க. பாதிய தாண்டினாப் போதும். ஆனா பாதிய தாண்டணும். இந்த ஃபோட்டோ நம்மளக் கீழ இழுக்குது."

கைப்பேசியை வைத்ததும் தங்கராஜு கேட்டான். "என்னாவாம்?"

"பாதிக்கு மேல நம்பினாப் போதுமாம்."

"அப்ப பாஸ் மார்க்குதானே. டிஸ்டிங்ஷன் வேணாம்லா." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை ரோகினி வீட்டுக்கு வந்தாள். ஷெரில் காட்டிய படத்தை அவளும் பார்த்திருந்தாள்.

"ஏம்மா, அவங்க மொகத்துலயே வீசியிருக்கலாம்லா அந்தத் தட்ட?"

"சாமி முன்னாடி வச்சிட்டேன் ரோகினி. அப்பறந்தான் சொன்னாங்க."

"சர்க்கர? அதையும் சாமியா போடச் சொல்லுச்சி?"

குமுதவல்லி சோறு போட எழுந்து போனாள். அன்றைக்கு மத்தியானம் மகளுக்குப் பிடித்த பாவக்காய் வறுவல் செய்திருந்தாள். ரோகினி சாப்பிட்டாள். ஆனால் கதவைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். வெளியே மோட்டார் சத்தம் கேட்டால் கை நிற்கும், சத்தம் போனால் மறுபடி ஓடும். சாப்பிட்டு முடிக்கும்வரை குமுதவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையையா அந்த வீட்டுக்கு அனுப்ப ஒரு நிமிடம் மனசு வந்தது என்று நினைத்துத் தன் தட்டை ஒதுக்கி வைத்தாள்.

மகள் தூங்கப் போன பிறகு தங்கராஜுவிடம் கல்யாணப் பேச்சைச் சொன்னாள். அவன் அவளைத் திட்டவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, கோபம் அதிகமானால் அவன் குரல் குறையும்.

"நீ என்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"வேணாம்னு?"

"சொல்லல."

அவன் நெடுநேரம் விரலால் மேசையைத் தேய்த்தான்.

"சரி. அத அங்க சொல்லாத வள்ளி. கல்யாணப் பேச்சே வரலன்னு சொல்லிடு. பேச்சு வந்துச்சி, நீ சும்மா நின்ன, சர்க்கரையும் போட்டன்னா, அப்பறம் பாக்குறவன் என்னா நெனப்பான்? புள்ள வாழ்க்கை. ஒரு பொய்தானே."

அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. சிரம்பானுக்குப் போகும் வழியெல்லாம் காரில் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். பேச்சு வரல. பேச்சே வரல.

விசாரணை அறையில் குளிர் அதிகம். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலையை மூடித் துடோங் கட்டிய மலாய்ப் பேராசிரியை. அவர்தான் குழுத் தலைவர். ஹேமநாதனோடு ஒரே அறையில் உட்கார மாட்டேன் என்று ரோகினி முன்பே கேட்டிருந்ததால் அவனும் அவன் பெற்றோரும் வேறோர் அறையில் இருந்தார்கள். சுவரில் இருந்த திரையில் மூவரும் தெரிந்தார்கள். இந்தப் பக்கம் ரோகினி, அவளுக்கு அருகில் ஷெரில். கடைசி நாற்காலியில் தங்கராஜு.

தலைவர் மலாயில், புவான் என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கேட்டார். குமுதவல்லிக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. கேண்டீனுக்குச் சாமான் போடுகிறவர்களோடு பேரம் பேசுவதெல்லாம் மலாயில்தான்.

"படத்தில் இருப்பது நீங்கள்தானே, புவான்?"

"நாந்தான்."

"தட்டைக் கொடுக்கிறீர்கள்."

"திருப்பிக் குடுக்குறேன். அது அவங்க தட்டு."

தலைவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். மலாய்க்காரர் நிச்சயத்திலும் மாப்பிள்ளை வீட்டுத் தட்டு வரும். பெண் வீட்டிலிருந்து பதில் தட்டு போகும். அந்தப் படம் அவர் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்று குமுதவல்லிக்குப் புரிந்தது.

"பழத்தோடு வந்த தட்டு, சர்க்கரையோடு திரும்பிப் போயிருக்கிறது. இது பதில் தட்டு என்கிறார்கள்."

"பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா குவே பலகாரம் குடுத்து விட்டாலும் அந்தத் தட்டுல நான் எதாச்சும் வச்சித்தான் குடுப்பேன், புவான். வெறுசா குடுக்க மாட்டோம்."

தலைவர் இலேசாகத் தலையசைத்தார். பேனா மட்டும் அசையவில்லை.

"புரிகிறது. ஆனால் இதுவும் இருக்கலாம், அதுவும் இருக்கலாம். அன்றைக்குத் திருமணப் பேச்சு வந்ததா?"

பின்னால் தங்கராஜு இருமினான்.

குமுதவல்லி மகளைப் பார்த்தாள். ரோகினி நேராக உட்கார்ந்து அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று முன்தான் அவள் நடந்ததையெல்லாம் இந்த மூன்று பேர் முன்னால் சொன்னாள். எந்தச் சட்டை, எந்தச் சுவர், எந்தக் கை என்று கேட்டார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். வெளியே காத்திருந்த குமுதவல்லிக்கு, கதவு திறந்தபோது அவள் குரலின் கடைசிப் பகுதி மட்டும் கேட்டது. நடுங்கத்தான் செய்தது. ஆனால் நிற்கவில்லை.

"வந்துச்சி" என்றாள் குமுதவல்லி.

திரையில் ராமகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யார் பேசியது?"

"அவங்க. படிப்பு முடிஞ்சதும் எடுத்துக்குறோம்னாங்க. ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கச் சொன்னாங்க."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஒண்ணும் சொல்லல. வேணாம்னு சொல்லியிருக்கணும், சொல்லல." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஒரு நிமிஷம், இப்புடி முடிஞ்சா நல்லதுதானேன்னு நெனச்சேன். ஊரு வாய மூடிரலாம்னு நெனச்சேன். இது எம்மகளுக்குத் தெரியாது. இப்பதான் கேக்குறா."

ரோகினி தலையைக் குனிந்துகொண்டாள். ஷெரில் அவள் பக்கம் தண்ணீர்ப் போத்தலை நகர்த்தினாள்.

"அப்படியானால் சம்மதம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டதில் தவறில்லையே?" மேசையில் இருந்த இன்னொருவர் கேட்டார்.

"சம்மதம் கேக்கவே அவங்க வரல சார். மன்னிப்புக் கேக்க வந்தாங்க. கல்யாணம் பின்னாடி வந்த பேச்சு."

தலைவர் பேனாவை எடுத்தார். "மன்னிப்பா? எதற்கு?"

"உள்ள வந்ததும் அழுதாங்க. 'ஹேமன் தப்புப் பண்ணிட்டான், ரோகினி மேல கை வச்சிட்டான், மன்னிச்சிடு'ன்னாங்க. அவங்க சொல்லித்தான் எனக்கே விஷயம் தெரியும். ரோகினி வீட்டுல சொல்லவே இல்ல."

 தலைவர் முன்னால் இருந்த தாளைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் வைத்து, திரையைப் பார்த்துக் கேட்டார்.

"ஹேமநாதன், உன் வாக்குமூலத்தில் இருவரும் காதலித்தோம், கட்டாயம் எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால் உன் தாயார் எதற்கு மன்னிப்புக் கேட்டார்?"

ஹேமநாதன் அப்பாவைப் பார்த்தான்.

"அந்தம்மா பொய் சொல்லுது" என்றார் ராமகிருஷ்ணன். "தட்ட வாங்குனது உண்மையா இல்லியா, அத மொதல்ல..."

"ஐயா, உங்களைக் கேட்கவில்லை. புவான் செல்லம்மா, மன்னிப்புக் கேட்டீர்களா?"

செல்லம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். திரையில் அவள் முகம் சற்று மங்கலாகத் தெரிந்தது. அவளும் குமுதவல்லியும் இருபது வருடமாக ஒரே கோயிலில் ஒரே பானையில் கூழ் கிண்டியவர்கள். இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை.

"செல்லம்மா!" என்றார் ராமகிருஷ்ணன்.

"சும்மா இருங்க" என்றாள் அவள். பிறகு மலாயில், தடுமாறிச் சொன்னாள். "கேட்டேன். கேக்காம எப்புடி? வந்து சொன்னான் எங்கிட்ட, கையில பல்லுத் தடத்தோட. பெத்தவ நான். கேட்டேன்."

ஹேமநாதன் இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டான்.

திரும்பும்போது தங்கராஜு காரை மெதுவாக ஓட்டினான். சிரம்பானைத் தாண்டினார்கள். பின்னிருக்கையில் இருந்து ரோகினி கேட்டாள்.

"நல்லதுன்னு நெனச்சியா?"

குமுதவல்லி திரும்பவில்லை. "நெனச்சேன்."

"எவ்ளோ நேரம்?"

"நீ சனிக்கெழம வீட்டுக்கு வர்ற வரைக்கும்."

"அப்பறம்?"

"கதவப் பாத்துக்கிட்டே சோறு சாப்பிட்ட."

ரோகினி கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. பெடாஸ் வந்தபோது, "அப்பா, நிறுத்துங்க, பசிக்குது" என்றாள். ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். அம்மாவோடு பேசவில்லை, ஆனால் அம்மா தட்டில் இருந்து பாதி ரொட்டியைக் கேட்காமல் பிய்த்து எடுத்துக்கொண்டாள். குமுதவல்லிக்கு அது போதுமாக இருந்தது.

ஆடிக் கடைசி வெள்ளியில் கோயிலுக்குக் கூழ் ஊற்றினார்கள். குமுதவல்லி போனாள். போகாமல் இருந்தால் தப்புச் செய்தவள் மாதிரி ஆகிவிடும் என்று தங்கராஜு சொன்னான். சில பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும் கிட்டே வந்து காதில், "எம்பொண்ணும் அந்தக் காலேஜ்லதான் சேரப் போறா. ரிப்போர்ட்டு யாருகிட்ட குடுக்கணும்?" என்று கேட்டாள். ஷெரிலின் நம்பரை அவளுக்கு அனுப்பினாள். செல்லம்மா பானைக்கு அந்தப் பக்கம் நின்றாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

முடிவு அதற்கடுத்த வாரம் வந்தது. ஷெரில் ரோகினியிடம்தான் முதலில் சொன்னாள். ரோகினி சொன்னது நடந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு என்று குழு முடிவு செய்திருக்கிறது. ஹேமநாதன் இரண்டு பருவம் கல்லூரிக்கு வரக்கூடாது. அதன் பிறகும் விடுதியிலோ கலை மன்றத்திலோ சேர முடியாது. அவன் மேல்முறையீடு செய்யலாம். செய்வான் போலத்தான் இருக்கிறது. போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பது ரோகினியின் விருப்பம். போனால் ஷெரிலும் கூட வருவாள். ரோகினி அதை இன்னும் முடிவு செய்யவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

தங்கராஜு கேட்டுவிட்டு வெளியே போய் லோரியின் டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். டயரில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரோகினி விடுதிக்குத் திரும்பினாள். பெடாஸ் பஸ் நிறுத்தத்துக்குக் குமுதவல்லியும் கூட வந்தாள். வெயில் ஏறியிருந்தது. பக்கத்தில் இரண்டு பையன்கள், காய்கறிப் பையோடு ஒரு சீனக் கிழவி.

"ம்மா."

"சொல்லு."

"இனிமே யாராச்சும் என்னப் பத்திப் பேச வந்தா என்ன பண்ணுவ?"

"ஒன்னக் கூப்புட்டு ஒக்கார வச்சி, அவ முன்னாடியே பேசுங்கன்னு சொல்லுவேன்."

"அது வேற. கல்யாணப் பேச்சு, வாபஸ் பேச்சுன்னு வந்தா?"

"வேணாம்னு சொல்லுவேன்."

"எங்க, சொல்லு பாப்போம்."

"இங்கயா?"

"இங்கதான். ஒனக்குப் பழக்கமில்லல்ல."

"வேணாம்."

"இது கடைக்காரன்கிட்ட பை வேணாம்னு சொல்ற மாதிரி இருக்கு."

குமுதவல்லி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மூச்சை இழுத்து, "வேணாம்லா!" என்று கத்தினாள்.

பையன்கள் இருவரும் திரும்பினார்கள். சீனக் கிழவி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ரோகினி வாய்விட்டுச் சிரித்தாள். அவர்கள் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல நாளாகியிருந்தது. பஸ் வந்து நின்றது. பையை மாட்டிக்கொண்டு ஏறியவள், படியில் நின்றபடி திரும்பி, "கொஞ்சம் தேவல" என்றாள்.